தோற்றுக்கொண்டே இருக்கும் கல்லூரி பேஸ்பால் அணி: குறை கோச்சிடமா, ஆட்களிடமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, இடது கை பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவன், மணிக்கு 85 மைல் வேகம் வருகிறது. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்னில் ஆடும் கல்லூரி ஒன்று அவனைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த அணி போன சீசனில் 55 ஆட்டங்களில் 17-ல்தான் ஜெயித்தது. முந்தைய இரண்டு வருடமும் ஏறக்குறைய அதே கதை. இப்போதைய கோச் வந்து நான்கு வருடம் ஆகிறது. மைதானத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், பையன்கள் நல்லவர்கள்தான், கோச்தான் கெடுக்கிறார் என்கிறார்கள். கல்லூரித் தரப்பில் கேட்டால், நல்ல ஆட்களைக் கொண்டுவரப் பணம் இல்லை என்கிறார்கள். யார் சொல்வது சரி?

கேள்வியை இரண்டாம் முறை படித்தபோது நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று பட்டது. அங்கே போனால் என் பையன் தேறுவானா, வீணாய்ப் போவானா? அதுதானே? இந்த இரண்டுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. தோற்கிற அணியில் இருந்துகொண்டே தேறிய பிட்ச்சர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெயிக்கிற அணியில் சேர்ந்து, டக்அவுட்டில் சூரியகாந்தி விதை கொறித்தே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் லீக் கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிப் பழகியவன். இங்கே அமெரிக்காவுக்கு வந்த பிறகு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு நடுத்தரக் கல்லூரி அணிக்கு ஒன்பது சீசன் பந்துவீச்சுத் தரவுகளைப் பார்த்துக்கொண்டேன். ஒரு நாளும் பேஸ்பால் ஆடியதில்லை, யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. பேட்டிங் பயிற்சியைப் பற்றி நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். பிட்ச்சர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

முதலில் கணக்கு. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீங்கள் எழுதியபடி அந்த அணி சீசன் முழுக்க 300 ரன் எடுத்து 400 ரன் கொடுத்திருக்கிறது. பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் பில் ஜேம்ஸ் கொண்டுவந்த பழைய சூத்திரம் ஒன்று உண்டு: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், ஜெயித்திருக்க வேண்டிய விகிதம் வரும். இங்கே வருவது 0.36. அதாவது 55 ஆட்டத்தில் ஏறக்குறைய 20 வெற்றி. ஜெயித்தது 17. மூன்று குறைகிறது. ஒரே ரன்னில் 11 ஆட்டம் தோற்றார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்த மூன்று அங்கேதான் தொலைந்திருக்கும். அதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். பிட்ச்சரை ஏன் மாற்றினார், ஏன் பந்தை மெல்லத் தட்டி பண்ட் அடிக்கச் சொன்னார் என்று பக்கத்து இருக்கைக்காரர்கள் அலுத்துக்கொள்கிற எல்லாமே இந்த மூன்று ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றையும் அப்படியே கோச்சின் தலையில் கட்டினாலும் அவருக்குப் பதில் ஒரு மேதை வந்து உட்கார்ந்திருந்தால் 20 வெற்றி, 35 தோல்வி. அப்போதும் மோசமான அணிதான்.

ஆகவே ஆட்டம் நடக்கும்போது கோச் என்ன செய்கிறார் என்பதை விட்டுவிடலாம். அந்த 400 ரன் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். நீங்கள் கொடுத்த எண்களில் என் கண் போய் நின்ற இடம் ஒன்றுதான்: 480 இன்னிங்ஸில் 330 வாக். ஒன்பது இன்னிங்ஸுக்கு ஆறுக்கு மேல். நல்ல அணிகள் இதை நான்குக்குக் கீழே வைத்துக்கொள்ளும். கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்காக ஒரு வரி: ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்துக்கு ‘பால்’ என்று பெயர், அப்படி நான்கு போய்விட்டால் பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுதான் வாக். வைடுக்கு ஒரு ரன்னோடு போய்விடும். இங்கே ஒரு ஆள் வந்து பேஸில் நின்றுகொள்கிறான்.

எங்கள் அணியின் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது. ஏழாவது இன்னிங்ஸ், நாங்கள் 5–3 முன்னிலை. மாற்றுப் பிட்ச்சர்கள் தயாராகும் இடமான புல்பென்னிலிருந்து வந்த பையன் 93 மைல் வீசுவான். முதல் ஆளுக்கு நாலு பால், வாக். இரண்டாவது ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரைக் போட்டுவிட்டு அவன் முழங்கையில் பந்தால் அடித்தான், அவனும் இலவசமாக முதல் பேஸுக்கு. அடுத்தவனுக்கும் வாக். ஒருவன்கூட மட்டையைச் சுழற்றவில்லை, மூன்று பேஸும் நிறைந்துவிட்டது. இனிப் பந்து நடுவில்தான் வரும் என்று நான்காமவனுக்குத் தெரியும். நடுவில்தான் வந்தது, வேலிக்கு வெளியே போனது. 7–5. மறுநாள் ஊர்ப் பத்திரிகையில் அந்த ஹோம் ரன்தான் செய்தி. என் தாளில் அந்த இன்னிங்ஸ் முடிந்தது அதற்கு முன்பே.

சரி, இத்தனை வாக் கொடுப்பது ஆட்களின் குறையா, கோச்சின் குறையா? இங்கேதான் கல்லூரி பேஸ்பால் மற்ற இடங்களிலிருந்து விலகுகிறது. தொழில்முறை அணியில் ஜெனரல் மேனேஜர் ஆட்களைப் பிடித்துக் கொடுப்பார், மேனேஜர் ஆட வைப்பார். தோற்றால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டலாம். கல்லூரியில் இரண்டும் ஒரே ஆள். இன்று மைதானத்தில் நிற்கும் மூன்றாம் வருடப் பையன், இதே கோச் மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தின் வலைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்து, வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிச் சேர்த்தவன். முதல் வருடத்தில் "எனக்குக் கிடைத்த ஆட்கள் இவ்வளவுதான்" என்று ஒரு கோச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். நான்காம் வருடத்திலும் அதையே சொன்னால், அது தன் மேலேயே சொல்லிக்கொள்ளும் குறை. வேகம் அளக்கும் ரேடார் கன்னில் 92 காட்டியதும் மயங்கி, ஸ்ட்ரைக் போடத் தெரியாதவர்களையாகச் சேர்த்துவிட்டு, பிறகு ஆட்கள் சரியில்லை என்று சொல்லும் கோச்சுகள் இருக்கிறார்கள். எங்களிடமும் ஒருவர் இருந்தார்.

அப்புறம் பயிற்சி. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதி. எல்லோருக்கும் ஒரே 20 மணி நேரம்தான், அதை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். எங்கள் புல்பென்னில் இரண்டு பிட்ச்சிங் கோச்சுகளின் காலத்தைப் பார்த்தேன். முதலாமவர் காலத்தில் பையன் 30 பந்து போடுவான். எதிரே பேட்டர் இருக்க மாட்டான். கேட்ச்சர் ஒவ்வொரு பந்துக்கும் "நல்ல பந்து" என்பான். கோச் பின்னால் நின்று போன் பேசிக்கொண்டிருப்பார். இரண்டாமவர் வந்ததும் வேலையற்ற ஒரு இன்ஃபீல்டரை மட்டையோடு நிறுத்தினார். அடிக்கக் கூடாது, சும்மா நிற்க வேண்டும். கையில் எண்ணிக்கை பிடிக்கும் கிளிக்கர். ஒவ்வொரு பந்தும் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று அழுத்துவார். கடைசி ஆறு பந்துக்கும் எண்ணிக்கை மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக் என்று, அதாவது இன்னொரு பால் போனால் வாக், இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட் என்று, வைத்துக்கொள்ளச் சொல்வார். முடித்ததும் எண்ணிக்கையைச் சுவரில் ஒட்டிய தாளில் பையன் கையாலேயே எழுத வைப்பார். ஆட்கள் பெரும்பாலும் பழையவர்கள்தான். அடுத்த சீசனில் எங்கள் வாக் எண்ணிக்கை நன்றாகவே இறங்கியது. கிளிக்கரால்தான் இறங்கியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. பையன்களுக்கு ஒரு வயது கூடியிருந்தது, ஓயாமல் வாக் கொடுத்த இருவர் கிளம்பியும் போயிருந்தார்கள். ஆனாலும் என் நம்பிக்கை கிளிக்கர் பக்கம்தான்.

கல்லூரிக்காரர்கள் பணத்தைப் பற்றிச் சொல்வதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது. பல வருடங்களாக ஒரு டிவிஷன் ஒன் பேஸ்பால் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான் உச்சவரம்பாக இருந்தது. அதை அதிகபட்சம் 27 பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றிருந்தது. முழு ஸ்காலர்ஷிப் வாங்கிய பேஸ்பால் ஆட்டக்காரன் அபூர்வம். அந்த 11.7-ஐக்கூட முழுதாகக் கொடுக்க வசதியில்லாத கல்லூரிகள் ஏராளம். மிச்சத்தைக் குடும்பம் கட்ட வேண்டும் என்பதால், ஜார்ஜியாவின் ஹோப், லூசியானாவின் டாப்ஸ் போன்ற மாநில உதவித்தொகை இருக்கிற இடங்களுக்கு ஒரு மறைமுகச் சலுகை இருந்துகொண்டே இருந்தது. 2025-26 முதல், வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பே இல்லை, அணியில் 34 பேருக்கு மேல் கூடாது என்பதுதான் வரம்பு. அதாவது பணக்காரக் கல்லூரி 34 பேருக்கும் முழுதாகக் கொடுக்கலாம். தட்பவெப்பமும் உண்டு. சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது, அப்போது வடக்கே மைதானத்தில் பனி கிடக்கும். வடக்குக் கல்லூரிகள் நிறைந்த பிக் டென் கூட்டமைப்பில் 1966-ல் ஒஹாயோ ஸ்டேட் சாம்பியன் ஆன பிறகு, அந்தக் கூட்டமைப்பில் இருந்துகொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் யாரும் ஆகவில்லை. அதே சமயம் மழை விடாத கார்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட், பேட் கேஸியின் கீழ் 2006, 2007, 2018 என்று மூன்று முறை ஜெயித்திருக்கிறது. எனவே வானிலையை முழுக் காரணமாகச் சொன்னால் ஏற்க மாட்டேன்.

ஆட்களே இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க கால்டெக் இருக்கிறது. நோபல் பரிசுக்காரர்களுக்குப் பஞ்சமில்லாத அந்தக் கல்லூரியின் பேஸ்பால் அணி, ஸ்காலர்ஷிப்பே இல்லாத கீழ்த்தட்டான டிவிஷன் த்ரீயில் ஆடுவது, 2003-லிருந்து தொடர்ச்சியாக 228 ஆட்டம் தோற்றது. 2013 பிப்ரவரியில்தான் ஒன்றை ஜெயித்தது. பேஸ்பால் நன்றாக ஆடுகிறான் என்பதற்காக அங்கே சேர்க்கையில் தளர்வு கிடையாது. அந்த அணிக்கு யார் கோச்சாக வந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்?

மறுபக்கம் ரைஸ். ஹூஸ்டனில் உள்ள சிறிய கல்லூரி, படிப்பில் கறாரான இடம். ஜூனியர் கல்லூரியில் கோச்சாக இருந்த வேய்ன் கிரகாம் 1992 சீசனில் அங்கே வந்தார். அதுவரை என்சிஏஏ போட்டித் தொடருக்கே போகாத அணி, 1995 முதல் 2017 வரை 23 வருடம் ஒன்றுகூட விடாமல் போனது, 2003-ல் பட்டமும் வாங்கியது. அவர் 2018-ல் விலகிய பிறகு பல வருடம் அந்தத் தொடரின் வாசலையே மிதிக்கவில்லை. கோச் கட்சிக்காரர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் அவர் போன அதே சமயத்தில்தான் கல்லூரி மாற நினைக்கிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது, பிறகு ஆட்டக்காரர்களுக்கு விளம்பர வருமானமும் வந்தது, சிறிய தனியார் கல்லூரிகளின் கையிருப்பு சுருங்கியது. கிரகாமே தொடர்ந்திருந்தாலும் சரிவு கொஞ்சம் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு மிக அருகில் வருவது ஜார்ஜியா. 2023-ல் அவர்கள் 29 வெற்றி, 27 தோல்வி. கோச்சை அனுப்பிவிட்டு வெஸ் ஜான்சனைக் கொண்டுவந்தார்கள். மறு வருடமே 43 வெற்றி, 17 தோல்வி, கடைசி 16 அணிகள் மோதும் சூப்பர் ரீஜனல் வரை. அந்த வருடம் சார்லி காண்டன் 37 ஹோம் ரன் அடித்து, சிறந்த ஆட்டக்காரருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது வாங்கினார். எல்லாம் புதுக் கோச்சின் கைவண்ணம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் காண்டன் ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேர்ந்த பையன். ஒரு வருடம் ஆடாமல் உட்கார வைத்துத் தேற்றி, 2023-ல் 25 ஹோம் ரன் அடிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது பழைய கோச்சுகள். அதே காண்டனை வைத்துக்கொண்டுதான் அவர்கள் பாதி ஆட்டம் தோற்றார்கள். புதியவர் அவரைச் சுற்றிப் போர்ட்டல் வழியாகப் பலரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருவர் வளர்த்தார், இன்னொருவர் சேர்த்தார், ஒருவருக்கு வேலை போனது. உங்கள் மகன் காண்டன் இடத்தில் இருந்திருந்தால், வெளியே அனுப்பப்பட்ட கோச்சுகளுக்குத்தான் நீங்கள் நன்றி சொல்லியிருப்பீர்கள்.

கோச்சை மாற்றினால் தேறும் என்பதில் எனக்குப் பொதுவாகவே நம்பிக்கை குறைவு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சில அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். அடிமட்டத்தில் கிடந்த அணிகளில், கோச்சை மாற்றியவையும் மாற்றாதவையும் பிறகு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தன. நடுத்தர அணிகள் மாற்றியபோது சற்றுப் பின்தங்கின. கால்பந்து வேறு, பேஸ்பால் வேறு, அப்படியே பொருத்த முடியாது. டென்னசி போன்ற உதாரணங்களும் உண்டு. 2005-க்குப் பிறகு தொடருக்குப் போகாத அணி, 2017-ல் டோனி விடெல்லோவை நியமித்து, 2019-ல் திரும்பி, 2024-ல் பட்டம் வாங்கியது. அவருடைய முதல் சீசன் 29 வெற்றி, 27 தோல்விதான். அப்போதே யாராவது பொறுமை இழந்திருந்தால் மிச்சக் கதை இல்லை.

இன்னொரு விஷயம், இது முன்பு இல்லாதது. 2021 முதல் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒரு வருடம் காத்திருக்காமல் கல்லூரி மாறலாம். 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும். பால் ஸ்கீன்ஸ் ஏர் ஃபோர்ஸ் அகாடமியில் இரண்டு வருடம் கேட்ச்சராகவும் பிட்ச்சராகவும் ஆடிவிட்டு லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே பந்துவீச்சில் மட்டும் கவனம் வைத்து 2023-ல் 209 ஸ்ட்ரைக்அவுட், பட்டம், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் இடம். அந்த வருடம் அங்கே பிட்ச்சிங் கோச் யார் தெரியுமா? பிறகு ஜார்ஜியா போன அதே ஜான்சன். திறமைசாலியும் நல்ல கோச்சும் ஒரே பக்கம் போய்ச் சேருகிறார்கள், எனவே எது எதனால் என்று பிரிப்பது வருடத்துக்கு வருடம் கடினமாகிறது. சிறிய அணியில் நன்றாக வளர்த்தால் பையன் கிளம்பிவிடுகிறான். வளர்த்த கோச்சின் கணக்கில் தோல்விதான் நிற்கிறது. அந்த அணியின் 17 வெற்றியைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள். கடந்த மூன்று வருடத்தில் அங்கிருந்து யார் யார் வெளியேறினார்கள், எங்கே போனார்கள்? பெரிய அணிகள் தூக்கிக்கொண்டு போயிருந்தால், உங்கள் மகனுக்கு அது நல்ல செய்தி. போக இடமில்லாமல் கீழே இறங்கியிருந்தால் கெட்ட செய்தி.

நான் அந்த அணியின் பயிற்சியை ஒரு நாளும் பார்த்ததில்லை, அதனால் கோச்சைக் குற்றவாளி என்றும் சொல்ல மாட்டேன், நிரபராதி என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் தலைமைக் கோச்சை விட்டுவிட்டு, நான்கு வருடத்தில் எத்தனை பிட்ச்சிங் கோச் மாறினார்கள் என்று கேளுங்கள். உங்கள் மகனோடு தினமும் நிற்கப்போகிறவர் அவர்தான். மூன்று பேர் மாறியிருந்தால், ஒவ்வொருவரும் பையன்களின் கையை ஒவ்வொரு விதமாகத் திருப்பியிருப்பார்கள். அந்த 330 வாக் வந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம், நான் அனுப்ப மாட்டேன். ஒருவரே இருந்தும் 330 என்றால், இன்னும் யோசிப்பேன். போன வருடம்தான் புதியவர் வந்தார் என்றால், ஒரு சீசன் பொறுத்துப் பார்க்கலாம். 85 மைல் வீசும் இடது கைப் பையனுக்கு, வயது ஏற வேகமும் கொஞ்சம் ஏறும். ஸ்ட்ரைக் போடத் தெரிந்தவனாக இருந்தால் இப்படிப்பட்ட அணியில் முதல் வருடமே வீசக் கிடைக்கும். பெரிய அணியில் கிடைக்காத ஒன்று அது.

கல்லூரியைப் பார்க்கக் கூப்பிடும் நாளில் புது ஜிம்மையும் லாக்கர் அறையையும்தான் காட்டுவார்கள். அதை முடித்துக்கொண்டு புல்பென் பக்கம் போய், முதல் வருடத்திலிருந்தே அங்கே இருக்கிற மூன்றாம் வருடப் பிட்ச்சர் ஒருவனைத் தனியாகப் பிடியுங்கள். கோச் எப்படி என்று கேட்காதீர்கள், நல்லவர் என்றுதான் சொல்வான். வந்தபோது உன்னிடம் இல்லாத எந்தப் பந்து இப்போது இருக்கிறது என்று உங்கள் மகனைக் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால், வாயால் சொல்வதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்து ஒரு பந்தைத் தேடுவான், விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டுவதற்கு. எதற்கும் பையில் ஒரு பந்து போட்டுக்கொண்டு போங்கள்.